35 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் போதுமா?

மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டியவரின் மூச்சுச் சோதனையில் மதுவின் அளவு 35 மைக்ரோகிராமைத் தாண்டாவிட்டால் சிங்கப்பூரில் வழக்கே தொடர முடியாது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எண் சரிதான்: 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம், ரத்தத்தில் என்றால் 80 மில்லிகிராம். ஆனால் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் அது ஒரு பாதி மட்டுமே. மதுவாலோ போதைப்பொருளாலோ வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டுவதும் அதே பிரிவின்படி குற்றம். அதற்கு இந்த அளவு வரம்பு கிடையாது. ஒரு கோப்பை பியரோடு தூக்கம் வரவழைக்கும் மாத்திரையும் சேர்ந்துவிட்டால் (பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை) கருவியில் எண் சிறியதாகத்தான் தெரியும், ஓட்டுபவரோ தடுமாறுவார்.

சந்தேகம் இருப்பவர்கள் அரசாங்கத்தின் சட்டத் தொகுப்பு இணையத்தளத்தில் 1961ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்தைத் திறந்து, 67(1)இல் ஏ, பி என்ற இரு உட்பிரிவுகளையும் படித்துப் பாருங்கள். அளவு பற்றிய பேச்சு இரண்டாவதில்தான் வருகிறது.