பி.இ. படிச்சவன் பி.இ. ஆகுறதுக்குள்ள

ஊர்ல நான் படிச்ச பி.இ. வேற, இங்க அமெரிக்காவுல, டெக்சாஸ்ல விண்ணப்பிச்சிருக்கிற பி.இ. வேற. இது புரொஃபஷனல் இன்ஜினியர்ங்கிற லைசென்ஸ். அதுக்கு இன்னைக்குக் காலைலயும் அதே மெயில். பட்டச் சான்றிதழ்ல இருக்கிற பேரும் விண்ணப்பத்துல இருக்கிற பேரும் ஒத்துப்போகலையாம். இது நாலாவது தடவை.

சர்டிபிகேட்ல என் பேருக்கு முன்னாடி ஒரு 'எஸ்'. பாஸ்போர்ட்ல அதே எஸ் விரிஞ்சு, அப்பா பேராகி, லாஸ்ட் நேம் கட்டத்துல உக்காந்திருக்கு. நம்ம ஆளுங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

முதல் தடவை நானே கடிதம் எழுதினேன். செல்லாதுன்னாங்க. ரெண்டாவது, நோட்டரி முன்னாடி உக்காந்து "இருவரும் ஒருவரே"ன்னு அஃபிடவிட். அதுவும் செல்லாது, படிச்ச இடத்துலேருந்து வரணும்னாங்க. சரின்னு ஊர்ல அப்பாவை அனுப்பினேன். 71 வயசு, ரெண்டு முட்டியும் வலி. மூணு தடவை பஸ் ஏறிப் போனார். முதல் நாள், பையன் நேர்ல வரணும். ரெண்டாவது நாள், ஆதரைசேஷன் லெட்டர்ல கையெழுத்து பழைய கையெழுத்து மாதிரி இல்ல. மூணாவது நாள் மத்தியானம் வரைக்கும் நிக்க வச்சு, "எங்க ரெக்கார்டுல இருக்கிற பேர்லதான் கொடுப்போம்"னு சொல்லி, மறுபடி அதே 'எஸ்' போட்டு, கவரை ஒட்டி, ஒட்டின இடத்துல சீல் குத்திக் கொடுத்தாங்க. அந்த எஸ்ஸே கவுண்டர் முன்னாடி கால் வலியோட நின்னுக்கிட்டிருந்தாருய்யா! அவரைப் பார்த்து ஒருத்தனுக்கும் நம்பிக்கை வரல. அந்தக் கவர் இங்க வந்து சேர்ந்ததுக்கு வந்த பதில்தான் இன்னைக்கு வந்த மெயில்.

நான் பரீட்சைக்குப் பயந்தவன் இல்ல. லைசென்ஸுக்கான முதல் பரீட்சை எஃப்.இ., 110 கேள்வி, எழுதினேன். அடுத்த பரீட்சை பி.இ. சிவில், 80 கேள்வி, எட்டு மணி நேரம், காலேஜ்ல வாங்கின அதே கேசியோ எஃப்எக்ஸ்-991-ஐ வச்சே எழுதி பாஸ் பண்ணினேன். இன்ஜினியரிங் பட்டங்களை நாடுகள் ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்கிற வாஷிங்டன் ஒப்பந்தத்துல இந்தியா முழு உறுப்பினரானது 2014-ல. நான் முடிச்சது 2008. அதனால என் டிகிரியைப் பாடம் பாடமா மதிப்பிடணும்னாங்க, அதையும் ஒத்துக்கிட்டேன். ஏன்னா இந்த லைசென்ஸ் சட்டம் எதுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். 1937 மார்ச் 18, இதே டெக்சாஸ்ல நியூ லண்டன் பள்ளிக்கூடம். வாசனையே இல்லாத கேஸ் தரைக்கு அடியில கசிஞ்சு தேங்கி வெடிச்சு, ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைங்க, செத்துப்போனாங்க. அந்த வருஷமே இன்ஜினியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம்னு இங்க சட்டம் போட்டாங்க. அந்தக் கண்டிப்பு வேணும். என் லோடு கணக்கைக் கேளு, நான் போட்ட பீமைத் தோண்டித் துருவு, எந்த ஃபுட்டிங்ல எவ்வளவு கம்பின்னு நாள் முழுக்கக் கேளு. உக்காந்து பதில் சொல்றேன். எங்கப்பன் இனிஷியலை வச்சு எந்தக் கட்டடத்தை நீ காப்பாத்தப் போற?

லைசென்ஸ் இல்லாததால, பத்து வருஷமா நான் போடுற டிசைன்ல இன்னொருத்தர் சீல்தான் விழுது. அப்பா போன்ல, "திங்கக்கிழமை வேணா இன்னொரு தடவை போய்ப் பார்க்கட்டுமாப்பா?"ங்கிறார். வேண்டாம்பான்னு சொல்லிட்டு வச்சுட்டேன். வேற என்ன சொல்றது?

இதுல ஆபீஸ் ஏசி வேற மூணு நாளா ஓடல. ஹூஸ்டன்ல, ஆகஸ்ட் மாசம்! அதைச் சரி பண்ண ஆள் வரணும்னா கட்டட ஓனர் கையெழுத்து வேணுமாம்.