ஐஎம்இஐ எண்ணை மெயில் அனுப்பினால் திருடுபோன போன் கிடைக்குமா?

"வீட்டில் திருடுபோன போனின் ஐஎம்இஐ எண்ணை இந்த மெயிலுக்கு அனுப்பினால் 24 மணி நேரத்தில் பிடித்துவிடுவார்கள்" என்று வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றும் தகவல் பொய். (ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்.) அதை நம்பிக் காத்திருந்தால் போன் கைமாறிவிடும்.

முதலில் காவல் நிலையத்தில் புகார். அடுத்து அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம், போனை முடக்கத் தேவையான ஓடிபி அதற்குத்தான் வரும். புது சிம்மில் எஸ்எம்எஸ் வர ஒரு நாள் ஆகலாம். பிறகு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் நகலை ஏற்றி போனை முடக்குங்கள். இரண்டு சிம் போனுக்கு ஐஎம்இஐயும் இரண்டு, இரண்டையும் கொடுங்கள். பெட்டி ஸ்டிக்கரில் பார்கோடு அருகே 15 இலக்கமாக இருக்கும். முடக்கிய போனில் யாராவது சிம் போட்டால் தகவல் போலீஸுக்கும் உங்களுக்கும் போகும்.

திருடுபோனது லேப்டாப் என்றால், சாதாரண லேப்டாப்புக்கு ஐஎம்இஐயே கிடையாது. பில்லைப் பார்த்து சீரியல் நம்பரைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.