320டி வாங்குமுன் இன்ஜினின் பின்பக்கச் சத்தத்தைக் கேளுங்கள்

புது எர்டிகா விலைக்குள் பழைய பி.எம்.டபிள்யூ 320டி கிடைக்கும்போது ஏன் தயங்க வேண்டும் என்று ஒரு கட்டுரை கேட்கிறது. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் டைமிங் செயினுக்காகத் தயங்கத்தான் வேண்டும். 320டியில் 2007 முதல் 2011 வரை வந்த என்47 டீசல் இன்ஜினில் அது முன்னால் இல்லை, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு தேய்ந்து செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். மாற்றுவதற்குக் கியர்பாக்ஸையாவது இறக்க வேண்டும், பல நேரம் இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். பாகத்தைவிடக் கூலிதான் கடிக்கும்.

பார்க்கப் போகும்போது வண்டி இரவு முழுக்க நின்று ஆறியிருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து 1,500–2,000 ஆர்பிஎம்மில் பிடித்து, டேஷ்போர்டு ஓரமாகக் காது கொடுங்கள். உரசலோ கடகடப்போ கேட்டால் விலை பேசவே வேண்டாம்.

320டியில் வரும் ரன்ஃபிளாட் டயர், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர், பஞ்சரானால் மணிக்கு 80 கிமீ வேகத்தில் சுமார் 80 கிமீதான் ஓடும், ஸ்டெப்னி கிடையாது. எர்டிகாவின் 185/65 ஆர்15 டயர் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஏழு பேரும் ஏறிவிட்டால் அதில் டிக்கி வெறும் 209 லிட்டர். குடும்பத்தோடு நெடும்பயணம் என்றால் மேலே கேரியர் மாட்டியே ஆக வேண்டும்.