உள்ளே வரக்கூடாதாம், உள்ளே நடந்ததை நான் நிரூபிக்க வேண்டுமாம்!

“எங்கள் பிழைதான் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது சேர்?”

சேர்விஸ் செய்து இரண்டாம் நாளே என் காரின் என்ஜின் நின்றுபோனதில் இருந்து, கடந்த 38 நாட்களில் இந்தக் கேள்வி எத்தனை தடவை என் காதில் விழுந்திருக்கும் என்று கணக்கில்லை. கேட்கும் வாய்தான் மாறுகிறது. முதலில் வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை, பிறகு சேர்விஸ் பொறுப்பாளர், பிறகு முகாமையாளர், கடைசியாகக் கொழும்புத் தலைமையகத்தில் இருந்து தொலைபேசியில் ஒரு குரல். ஆதாரம் கேட்கும் இதே ஆட்கள்தான் வேலை நடக்கும் கூடத்தின் வாசலில் ‘வாடிக்கையாளர்கள் உள்ளே வரக்கூடாது’ என்று மூன்று மொழிகளிலும் பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள். காத்திருக்கும் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி உண்டு. பாதியை ரயர் விளம்பரம் மறைக்கிறது, மீதியைப் பற்றரி விளம்பரம் மறைக்கிறது. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள். என்ன செய்தார்கள் என்று நிரூபிக்கும் வேலை மட்டும் என் தலையில். இது எந்த ஊர் நியாயம்?

திருகோணமலையில் கராஜ்களுக்குப் பஞ்சமில்லை. உப்புவெளியில் என் மைத்துனரே ஒன்று வைத்திருக்கிறார். அங்கே போயிருந்தால் மூன்றில் ஒரு பங்கு காசோடு வேலை முடிந்திருக்கும். ஆனாலும் நான்கு வருடங்களாக இந்தக் கார்க் கம்பனியின் முகவர் நிறுவனம் நடத்தும் சேர்விஸ் நிலையத்துக்குத்தான் போய்வந்தேன். கம்பனியில் செய்தால் முறையாகச் செய்வார்கள், பதிவு இருக்கும், நாளைக்கு விற்கப் போனாலும் பெறுமதி இருக்கும் என்ற நினைப்பு. மைத்துனர் இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் சொல்லாமல் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு பில்லை விடக் கனமாக இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை ஒயில் மாற்றவும் பில்டர் மாற்றவும் விட்டேன். மீற்றரில் அப்போது 72,310. காசைக் கட்டினேன், காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன், கழுவித் துடைத்த காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டோம். கண் வைத்தியரிடம் காட்டுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே எடுத்த நாள் அது.

கந்தளாய் கடந்து சற்றுத் தூரம் போயிருப்போம். இன்னும் இருட்டு. டாஷ்போர்டில் சிவப்பாக அந்த ஒயில் விளக்கு எரிந்தது. வளைவு ஒன்று, பின்னால் ஒரு லொறி. ஓரம் கட்டி நிறுத்துவதற்குள் பத்துவரை எண்ணியிருக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் உரலில் கருங்கல்லைப் போட்டு இடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு என்ஜின் தானாகவே நின்றது. இறங்கி போன் வெளிச்சத்தை அடித்தேன். தார் வீதியில் நான் வந்த தடத்தில் நீளமாக ஒரு கோடு, தேன் நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. பழைய ஒயில் என்றால் கறுத்திருக்கும். இது இரண்டு நாட்களுக்கு முன் நான் காசு கொடுத்து வாங்கிய ஒயில்.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் அந்த நேரத்தில் வாகனத்தை விட்டு இறங்கி நிற்பது என்றால் என்னவென்று அந்த வீதியில் போய்வருபவர்களுக்குத் தெரியும். யானை வரும் இடம். அம்மா கார்க் கண்ணாடியை முழுவதும் உயர்த்திவிட்டுக் கோணேசரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விடியும் வரை அப்படியே இருந்தோம். பிறகு மரக்கறி லொறிக்காரர் ஒருவர் இரங்கி, கயிறு கட்டிக் கந்தளாயில் ஒரு கராஜ் வரைக்கும் இழுத்துக் கொண்டுபோய் விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கராஜ்காரரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து முதலில் சொன்னது இதுதான்: “தம்பி, நான் கை வைப்பதற்கு முன் போனில் வீடியோ எடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு நான்தான் செய்தேன் என்பார்கள்.” நம்பர் தகடு, மீற்றர், அடிப்பக்கம் என்று எதையும் விடாமல் எடுக்கவைத்தார். மீற்றரில் 72,371. பிறகுதான் பில்டரைக் கழற்றினார். கழற்றியதும் என் கையை விரிக்கச் சொல்லி இரண்டு றபர் வளையங்களை வைத்தார். ஒன்று புதியது, பளபளப்பு போகவில்லை. மற்றது பழையது, தட்டையாகி, இறுகி, ஒரு பக்கம் கிழிந்து பிதுங்கியிருந்தது.

விடயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒயில் பில்டரின் வாயில் ஒரு றபர் வளையம் இருக்கும். அதுதான் என்ஜினோடு ஒட்டி நின்று ஒயில் கசியாமல் பிடிப்பது. பழைய பில்டரைக் கழற்றும்போது சில வேளைகளில் சூட்டில் இறுகிய வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதை எடுக்க வேண்டும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு துணியால், வேண்டாம், ஒரு விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படிப் பார்க்காமல் புதிய பில்டரை மேலே முறுக்கிவிட்டால் வளையத்துக்கு மேல் வளையம் இருக்கும். நகருக்குள் மெதுவாக ஓடும்வரை ஒன்றும் தெரியாது. நெடுவீதியில் வேகம் எடுத்து ஒயிலின் அழுத்தம் கூடும்போது றபர் வழுக்கி வெளியே பிதுங்கும். அதன் பிறகு பம்ப் தன் வேலையைச் சரியாகவே செய்யும், ஒயில் முழுவதையும் வீதியில் ஊற்றிவிடும். என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பெயாரிங்கும் உலோகத்தோடு உலோகம் உரசி இறுகிப்போவதற்கு அதிக நேரம் தேவையில்லை.

இனி அவர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில், அடியில் கல் பட்டிருக்கும் என்றார்கள். அடியில் ஒரு கீறல்கூட இல்லை என்று வீடியோவைக் காட்டினேன். உடனே கல் காணாமல் போய், “சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள்” என்று வந்தது. அந்த விளக்கு ஒயிலின் அளவைக் காட்டுவதல்ல, அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்வது. அது எரியும்போதே பாதிக் காரியம் முடிந்துவிடும். இது எனக்கே தெரிகிறது, சீருடையில் சின்னம் குத்தியிருப்பவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். அதுவும் எடுபடாத பிறகு, வெளியாள் பில்டரைக் கழற்றியதால் நிறுவனம் பொறுப்பேற்காது என்றார்கள். அப்படியென்றால் காட்டு வீதியில் அம்மாவோடு அப்படியே குந்தியிருந்து, திங்கட்கிழமை இவர்கள் கதவு திறக்கும்வரை யானையோடு பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டுமா? முகாமையாளரின் கேள்விதான் உச்சம். வீடியோவை முழுவதும் பார்த்தார், நம்பர் தகட்டையும் பார்த்தார். பார்த்துவிட்டு, “இந்த வளையம் இந்த வாகனத்தில் இருந்துதான் எடுக்கப்பட்டது என்று எப்படிச் சொல்வது?” என்றார். நான் கந்தளாய்ச் சந்தையில் பழைய றபர் வாங்கிக்கொண்டு வந்தேன் என்று நினைத்தார் போலும்.

இனி அந்தக் கையெழுத்து. ‘வேலை திருப்தி’ என்று நான் கையொப்பமிட்டிருக்கிறேனாம். எறும்பு ஊர்வது போல ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் அது. காரின் சாவி கைக்கு வருவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பார்க்காத வேலைக்குத் திருப்தி. அதே தாளில் எல்லாவற்றையும் சோதித்ததாக வரிசையாகச் சரி அடையாளங்கள் போட்டிருக்கிறார்கள். கோபத்தோடு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நின்றேன். ‘உதிரிச் சக்கரம்: காற்று சரி, 33.’

என் உதிரிச் சக்கரம் அன்று காரிலேயே இல்லை. எங்கள் வீட்டு விறாந்தையில் கிடந்தது. முந்தின வாரம் டிக்கியைத் துடைக்க இறக்கி வைத்த சக்கரத்தின் குழிக்குள் பூனை மூன்று குட்டிகளைப் போட்டுவிட்டது. குட்டிகள் கண் திறக்கும்வரை யாரும் அசைக்கக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. உதிரிச் சக்கரம் இல்லாமல் கண்டிக்குப் புறப்பட்டது என் மடத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இல்லாத சக்கரத்துக்குக் காற்றுப் பார்த்து 33 என்று எழுதிய கைதான் என் என்ஜினில் ஒட்டியிருந்த வளையத்தையும் ‘பார்த்தது’. இதைச் சொன்னபோது சேர்விஸ் பொறுப்பாளர் ஒரு கணம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அது வேறு விடயம் சேர்.”

என்ஜின் வேலைக்கு அவர்கள் தந்த மதிப்பீடு நான்கு இலட்சத்து இருபதாயிரம் ரூபா. எங்கள் நாட்டில் கார் என்பது போனால் போகட்டும், வேறொன்று வாங்கலாம் என்று விடுகிற பொருளா? 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடங்களும் பழைய கார்கள் பவுன் விலைக்குப் போயின. நான் வாங்கியதும் அந்தக் காலத்தில்தான், மனைவியின் சங்கிலியை அடகு வைத்து. சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.

இரண்டாவது வாரம், முகாமையாளர் வரும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். உட்துறைமுக வீதிப் பக்கம் போய் ஒரு மரத்தடியில் என் ஆவணக் கோப்பினை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எங்கள் ஊர் மான் ஒன்று வந்து கோப்பின் மூலையை மோந்து பார்த்து, ஒரு தாளை இழுக்கவும் பார்த்தது. அன்றைக்கு என் ஆவணங்களில் அக்கறை காட்டியது அந்த மான் ஒன்றுதான்.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. ‘நல்லெண்ண அடிப்படையில்’ உதிரிப் பாகங்களுக்கு மட்டும் பத்து வீதக் கழிவு. கீழே, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நான் கையொப்பமிட ஒரு புள்ளிக்கோடு. பிழையே இல்லை என்பவர்களுக்கு எதற்கு நல்லெண்ணம்? நல்லெண்ணம் இருப்பவர்களுக்கு எதற்கு என் வாயை அடைக்கும் புள்ளிக்கோடு?

கையொப்பம் வைக்கவில்லை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் அது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சேவை தருபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார் என்ற உத்தரவாதம் தாளில் எழுதாவிட்டாலும் இருப்பதாகத்தான் பொருள். முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். கொழும்பில் இருந்து தொழில்நுட்ப ஆள் வருவார், பொறுங்கள், அடுத்த கிழமை பார்ப்போம் என்று இவர்கள் நாளை ஏன் இழுக்கிறார்கள் என்பது அந்த மூன்று மாதக் கணக்கு தெரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நாளை காலை முறைப்பாட்டைக் கொடுக்கக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிறேன். கோப்பில் பில், வீடியோவின் பிரதி, நானா தன் கைப்பட எழுதித் தந்த கடிதம், சரி அடையாளத் தாள் எல்லாம் இருக்கின்றன. இரண்டு வளையங்களும் ஒரு யோகட் கோப்பையில் இருக்கின்றன. சேர்விஸுக்குக் கொடுத்த அன்று கண் திறக்காமல் இருந்த குட்டிகள் இப்போது சக்கரத்தில் இருந்து குதித்து இறங்கி, விறாந்தை முழுவதும் ஓடி, என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கின்றன. கொழும்பில் இருந்து வரவேண்டிய ஆள் இன்னும் ஹபரணையைத் தாண்டவில்லை.