மேல் வீட்டுத் தண்ணீர்

(சென்னை நங்கநல்லூர். 1990களில் கட்டிய அடுக்குமாடி வீடு, முதல் மாடி. சபாபதி தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். அடுத்தவர் செலவில் ஐந்து ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். பிளம்பர் ஏழுமலை பையுடன் படியேறி வருகிறார்.)

சபாபதி: வா ஏழுமலை. செருப்பைக் கழற்றாதே, நேராக மேல் வீட்டுக்குப் போ.

ஏழுமலை: போன் பண்ணியது நீங்கள்தானே சார்?

சபாபதி: நான்தான். ஆனால் கோளாறு மேலே. அவர்கள் பாத்ரூம் தண்ணீர்தான் என் சுவரில் இறங்குகிறது. நீ பார்த்துவிட்டு, "ஆமாம், இவர்கள் தண்ணீர்தான்" என்று ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். தேதி நான் போட்டுக்கொள்கிறேன்.

ஏழுமலை: முதலில் உங்கள் சுவரைப் பார்க்கலாம் சார்.

சபாபதி: சுவரில் என்ன இருக்கிறது? பளிச்சென்றுதான் இருக்கிறது.

(படுக்கையறை. அடுத்த பக்கம் பாத்ரூம்.)

ஏழுமலை: ஒரே சுவரில் நான்கு காலண்டர் மாட்டியிருக்கிறீர்களே?

சபாபதி: பக்திதான்.

ஏழுமலை: முருகன் சரி, மகாலட்சுமி சரி. இது உரக்கடைக் காலண்டர். அதையும் முழங்கால் உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள்.

சபாபதி: பேரன் தேதி பார்ப்பதற்கு.

ஏழுமலை: 2019 காலண்டர் சார்.

சபாபதி: அவன் வரலாறு படிக்கிறான்.

(ஏழுமலை காலண்டரைத் தூக்குகிறார். பின்பக்க அட்டை பாதி சுவரோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.)

ஏழுமலை: அடேயப்பா! கறுப்பும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கிறது. பீரோவை நகர்த்துங்கள், அதற்குப் பின்னால் இன்னும் இருக்கும்.

சபாபதி: அது மட்டும் வேண்டாம். அதற்குள்தான் என் மனைவியின் பட்டுப்புடவை எல்லாம் இருக்கிறது. வாடை வருகிறது, வாடை வருகிறது என்று தினமும் சண்டை. நானும் பாச்சை உருண்டை வாங்கி வாங்கிப் போடுகிறேன். இப்போது தங்கை வீட்டுக்குக் கும்பகோணம் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

ஏழுமலை: பேரனுக்குத் தும்மல், இழுப்பு ஏதாவது?

சபாபதி: இங்கே வந்தால் மட்டும் தும்முவான். அது மேல் வீட்டு நாயால்.

ஏழுமலை: நாய் மேல் பழி போடாதீர்கள் சார். இது பூஞ்சை.

சபாபதி: பூஞ்சை இல்லையப்பா, வெறும் உப்பு. நம் போர் தண்ணீர் தெரியாதா உனக்கு?

(ஏழுமலை விரலை ஈரமாக்கிச் சுவரில் தேய்க்கிறார்.)

ஏழுமலை: பாருங்கள், இந்த வெள்ளைப் பொடி கரைந்துவிட்டது. இது உப்பு, ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கறுப்பு கரையவில்லை, இழுபடுகிறது. உப்பும் இருக்கிறது, பூஞ்சையும் இருக்கிறது. இரண்டுமே ஈரத்தால் வந்தவை. இதன் மேல் பெயிண்ட் அடித்தீர்களா?

சபாபதி: வருஷா வருஷம் பொங்கலுக்கு அடிக்கிறேன். ஓதத்தைத் தடுக்கும் என்று கடைக்காரன் சொன்ன விலை கூடின பெயிண்ட். சித்திரைக்குள் கொப்புளம் கொப்புளமாக உப்பிவிடும். பில் எல்லாம் ஃபைலில் வைத்திருக்கிறேன், மேல் வீட்டில் வசூலிக்க.

ஏழுமலை: உள்ளே தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்போது மேலே எதை அடித்தாலும் நிற்காது சார். அந்தக் காசுக்கு இரண்டு தடவை பைப்பே மாற்றியிருக்கலாம்.

சபாபதி: பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரிகிறது. சுவருக்குள் போகிற பைப்புக்குச் செலவழித்தால் யார் பார்ப்பார்கள்? சரி, இந்தத் தடவை பெயிண்டே இல்லை. ஆசிட் ஒரு பாட்டில், பிளீச்சிங் பவுடர் ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் கலந்து...

ஏழுமலை: சார்! கலந்துவிட்டீர்களா?

சபாபதி: இன்னும் இல்லை. நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழுமலை: பஞ்சாங்கம் உங்களைக் காப்பாற்றியது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூமில் கலந்திருந்தால், பூஞ்சை நன்றாக இருந்திருக்கும், நீங்கள்தான் இருந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆசிட் பாட்டிலை இப்படிக் கொடுங்கள்.

சபாபதி: பாட்டிலை எடுத்துக்கொள். காசைக் கூலியில் கழித்துக்கொள்வேன்.

(பாத்ரூம். வென்டிலேட்டரில் தெர்மாகோல் அடைத்திருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேனில் சிலந்தி குடும்பம் நடத்துகிறது.)

ஏழுமலை: ஃபேன் ஓடாதா?

சபாபதி: ஓடும். கரண்ட்டும் சேர்ந்து ஓடுமே! வென்டிலேட்டரைத் திறந்து வைத்தால் புறா வருகிறது.

ஏழுமலை: புறாவுக்கு வலை போடலாம் சார். வெந்நீரில் குளித்து, காற்றே போகாமல் அடைத்து வைத்தால் ஆவி எங்கே போகும்? ஈரம்பட்ட இடம் ஒன்றிரண்டு நாளில் காயவில்லை என்றால் பூஞ்சைக்கு அதுவே போதும். ஆனால் அந்தப் பக்கத்துச் சுவர் ஆவியால் ஊறவில்லை. அதற்கு வேறு காரணம்.

சபாபதி: அதைத்தானே வாசலிலேயே சொன்னேன். மேல் வீடு!

ஏழுமலை: சரி, மேல் வீடு என்றே வைத்துக்கொள்வோம். மேலே இருந்து இறங்கினால் முதலில் எது நனையும்?

சபாபதி: சீலிங்.

ஏழுமலை: சீலிங் எப்படி இருக்கிறது?

சபாபதி: காய்ந்துதான் இருக்கிறது.

ஏழுமலை: முழங்காலுக்குக் கீழேதான் ஊறியிருக்கிறது. மேல் வீட்டுத் தண்ணீர் லிஃப்டிலா இறங்கி வந்தது?

சபாபதி: அவர்கள் எதையும் செய்வார்கள்.

ஏழுமலை: பெண்ணின் பிரசவத்துக்காக அவர்கள் கோவைக்குப் போய் வீடு ரொம்ப நாள் பூட்டிக் கிடந்ததே, அப்போது ஈரம் குறைந்ததா?

சபாபதி: அதிகமாயிற்று.

ஏழுமலை: பூட்டின வீட்டில் யார் சார் குளித்தது?

சபாபதி: என் மேல் உள்ள கோபத்தில் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

(ஏழுமலை பதில் சொல்லவில்லை. சபாபதியின் வீட்டுக் குழாய் லைனின் கேட் வால்வை அவரே மூடுகிறார், கீசர் இணைப்பை அடைக்கிறார், குழாய்களை எல்லாம் இறுக்குகிறார். பிறகு கை பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றுகிறார்.)

ஏழுமலை: இந்த மீட்டரைப் பாருங்கள். 5 கிலோ அழுத்தம். குழாய் எல்லாம் மூடியிருக்கிறது. லைன் நன்றாக இருந்தால் முள் அசையக் கூடாது.

சபாபதி: அசைகிறதே.

ஏழுமலை: ஆமாம்.

சபாபதி: 4... 3... உன் மீட்டர் கோளாறு.

ஏழுமலை: போன மாதம் வாங்கியது.

சபாபதி: பில் இருக்கிறதா?

ஏழுமலை: இருக்கிறது சார். உங்களிடம் வருகிறேன் என்றதும் கையோடு கொண்டு வந்தேன். இது அந்தக் காலத்து ஜி.ஐ. பைப், துத்தநாகம் பூசின இரும்பு. இத்தனை வருஷம் உப்புத் தண்ணீர் ஓடினால் துருப் பிடித்துத்தான் போகும். பக்கெட் குழாய்க்குத் திரும்புகிற எல்போவில்தான் விட்டிருக்கும். ஈரமும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

சபாபதி: ஒரு சொட்டு, இரண்டு சொட்டு ஒழுகும். அதற்கா இவ்வளவு?

ஏழுமலை: விநாடிக்கு ஒரு சொட்டு என்றே வையுங்கள். கணக்கு உங்கள் தொழில்.

சபாபதி: ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. லிட்டருக்குச் சுமார் 4,000 சொட்டு என்றால்... இருபது லிட்டருக்கு மேலே! தினமும் ஒரு கேன் தண்ணீரைச் சுவருக்குக் குடிக்கக் கொடுக்கிறேனா? நானே ஒரு கேனை மூன்று நாள் வைத்துக் குடிக்கிறேன்!

ஏழுமலை: டைல்ஸை ஒரு வரிசை வெட்டி, பழைய பைப்பை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போடலாம். பூசுவதற்கு முன்னால் மறுபடி பம்ப் மாட்டி முள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் பொதபொதவென்று இருக்கிற பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுக்கணும். பூஞ்சையைக் காய்ந்தபடி சுரண்டக் கூடாது, அறை முழுக்கப் பறக்கும். ஈரப்படுத்தி, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் எடுக்கணும். அப்புறம் சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பெயிண்ட் கடைப் பக்கமே போகாதீர்கள்.

சபாபதி: இந்த ரோஸ் டைல்ஸ் இப்போது கிடைக்காதே!

ஏழுமலை: கிடைக்காது. நடுவில் ஒரு வரிசை வெள்ளை வரும்.

சபாபதி: அவள் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

ஏழுமலை: அங்கேயும் ஒரு காலண்டர் மாட்டிவிடுங்கள்.

சபாபதி: கிண்டலா? சரி, லைனை மூடிவிட்டால் நான் எங்கே குளிப்பது?

ஏழுமலை: மேல் வீட்டில் கேளுங்கள். அந்தச் சார் தங்கமான மனிதர்.

சபாபதி: அவருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். இன்னும் போய்ச் சேர்ந்த தகவல்கூட வரவில்லை. அதற்குள் துண்டோடு போய் நிற்பதா?

ஏழுமலை: கீழ் வீட்டில் கேட்கலாம் என்றால்... அதுவும் சரிப்படாது.

சபாபதி: ஏன்? அந்த அம்மா நல்லவர்கள்தானே?

ஏழுமலை: போன வாரம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பாத்ரூம் சீலிங்கில் கறுப்பாகப் படர்ந்து, பூச்சு உதிர்ந்து, கம்பி தெரிகிறது. யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்டார்கள்.

சபாபதி: நீ என்ன சொன்னாய்?

ஏழுமலை: மேல் வீட்டுத் தண்ணீர் என்றேன்.

சபாபதி: ரொம்பச் சரி. எப்போதும் மேல் வீட்டுக்காரர்கள்தான்... (நிறுத்துகிறார்) அவர்களுக்கு மேல் வீடு...

ஏழுமலை: ஆமாம் சார். நீங்கள்தான். பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்துவிட்டேன். தேதி அவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

சபாபதி: போனால் போகட்டும், ஒரு சட்டி சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்துவிடலாம்.

ஏழுமலை: சங்கத்து நோட்டீஸ் போர்டில் போன ஆடியில் நீங்கள் ஒன்று ஒட்டினீர்களே சார். கசிவுக்குக் காரணமான வீட்டார் கீழ் வீட்டுச் செலவு முழுவதும் ஏற்க வேண்டும், தாமதித்தால் 18 சதவீத வட்டி என்று. அந்த அம்மா அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

சபாபதி: பதினெட்டா? யார் அவ்வளவு போட்டது?

ஏழுமலை: கீழே உங்கள் கையெழுத்துதான் இருக்கிறது.

சபாபதி: அது வரைவுதான்! பொதுக்குழு கூட்டி ஒப்புதல் வாங்கவே இல்லை. முறைப்படி 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, கோரத்துக்கு வேண்டிய உறுப்பினர்கள் சேர்ந்து, திருத்தம் கொண்டு வந்து...

ஏழுமலை: 21 நாளில் அந்தச் சீலிங் தானாகக் கீழே இறங்கிவிடும் சார். அட்வான்ஸ் கொடுத்தால் நாளைக் காலையே மெஷினோடு வந்துவிடுவேன்.

சபாபதி: எவ்வளவு?

ஏழுமலை: மூவாயிரம்.

சபாபதி: இரண்டு. மீதியை ஆசிட் பாட்டிலில் கழித்துக்கொள்.