சொந்தக் குரலுக்கே காப்பிரைட் கிளைம்

போன மாசம் ஒருநாள் ராத்திரி பதினொண்ணரை இருக்கும், படுக்கப் போற நேரத்துல ஒரு மெயில். நான் யூடியூப்ல போட்ட இசக்கியம்மன் கோயில் கொடை வீடியோவுக்கு (கொடைன்னா எங்க பக்கம் கோயில் திருவிழா) காப்பிரைட் கிளைம் வந்து கிடக்கு. மொத்தம் மூணு மணி நாப்பது நிமிஷ வில்லுப்பாட்டு, அதுல மொதல்ல காப்பு, அதாவது சாமிய வேண்டித் தொடங்குற பாட்டு, பாடுற ஆறு நிமிஷம் மட்டும் வேற ஒருத்தருக்குச் சொந்தமாம்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன், நான் தக்கலை பக்கம் சின்னதா ஒரு ஸ்டுடியோ வச்சிருக்கேன். கல்யாணம், சடங்கு, கொடை, சர்ச் திருவிழான்னு எதுக்கு கூப்பிட்டாலும் கேமராவ தூக்கிட்டு போவேன். கொடை வீடியோவ மட்டும் முழுசா நெட்ல ஏத்திருவேன், அதுல காசு ஒண்ணும் பெருசா வராது, ஆனா துபாய் மஸ்கட்னு கிடக்க நம்ம ஊர்க்காரங்க லீவு கிடைக்காம கொடைக்கு வர முடியாதவங்க அத பாத்துட்டுதான் அந்த வாரத்த ஓட்டுவாங்க.

கிளைம் போட்டது யாருன்னு பாத்தா, பழைய கேசட் கம்பெனிங்க சரக்க எல்லாம் வாங்கி டிஜிட்டலா ஏத்தி வச்சிருக்க ஒரு லேபிள். எந்தப் பாட்டோட மேட்ச் ஆச்சுன்னு அதுலயே லிங்க் இருந்துச்சு, ஹெட்செட்ட மாட்டி கேட்டேன். பத்து செகண்ட்லயே தெரிஞ்சு போச்சு. பாடுறது நம்ம புலவரேதான்! (வில்லுக்கு முன்னால உக்காந்து வீசுகோல் புடிச்சு பாடுறவர எங்க பக்கம் புலவர்னுதான் சொல்லுவோம்.) தொண்ணூறுகள்ல அவரே பாடின கேசட். பாட்ட பாட்டோட ஒப்பிட்டு தானா கிளைம் போடுறது ஒரு மெஷின்தான். அதாவது அவரு குரல அவருகிட்ட இருந்து காப்பாத்துதாம் அந்த மெஷின், சவத்து மெஷின்.

மறுநாள் காலைல அவரு வீட்டுக்குப் போய் ரெண்டையும் போட்டுக் காட்டுனேன். திண்ணையில வெத்தல இடிச்சிட்டு இருந்தாரு, உரலக் கீழ வச்சிட்டு கண்ண மூடி பழைய கேசட்ட முழுசா கேட்டாரு. முடிஞ்சதும் "கொடம் அடிக்கது மாமன்லா, அவன் போயி பத்து பதினஞ்சு வருசம் ஆச்சு"ன்னாரு. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு நான் கேட்டேன், அப்போ ஏதாவது பேப்பர்ல கையெழுத்து போட்டியளா புலவரேன்னு.

"ஓர்ம இல்ல மக்கா. நாகரோயில்ல ஒரு ரூம்ல வச்சு ஒரே மத்தியானத்துல பாடுனோம். ஆயிரத்தி ஐநூறு ரூவாயும் இருவது கேசட்டும் தந்தான். அத அஞ்சு பேரு பங்கு வச்சோம். எனக்க அப்பன் பாடுன காப்பு அது, அவருக்க அப்பன்ட்ட படிச்சது. இப்போ அது ஆருக்குலே சொந்தம்?"

அந்த கேள்விக்கு பதில் சொல்லணும்னுதான் ரெண்டு வாரமா சட்டத்த வச்சு மல்லுக்கட்டுனேன். நான் வக்கீல் கிடையாது, ஆனா 1957-ம் வருஷ காப்பிரைட் சட்டம் நெட்ல இலவசமா கிடக்கு, யாரு வேணா படிக்கலாம், நாமதான் படிக்கது இல்ல.

ஒரு பாட்டுக்குள்ள ஒரே ஒரு உரிமை இல்ல, அடுக்கடுக்கா இருக்கு. பாட்டும் மெட்டும் ஒரு அடுக்கு. பாடுனவருக்கு உள்ள உரிமை ஒண்ணு, 1994 திருத்தத்துலதான் அது வந்துச்சு, இப்போ கணக்குக்கு 50 வருஷம் நிக்கும். அப்புறம் பதிவு பண்ணுன ஒலி, அது பதிவு பண்ணுனவனுக்கு, 60 வருஷம். நம்ம காப்புப் பாட்டு தலைமுறை தலைமுறையா வந்தது, அதுக்கு ஓனர்னு யாரும் கிடையாது. அந்த லேபிளுக்கு இருக்கது அந்த ஒரு மத்தியானம் பதிவான ஒலி மட்டுந்தான். அத அப்படியே எடுத்து நான் போட்டிருந்தா தப்பு. ஆனா அதே பாட்ட அதே ஆளு கோயில் முத்தத்துல உக்காந்து மறுபடி பாடுனா, அத நான் என் மைக்க வச்சு எடுத்தா, அதுல அந்த லேபிளுக்கு என்ன வேலை? என் வீடியோவுல ஜெனரேட்டர் சத்தம் இருக்கு, பொம்பளைங்க குரவை போடுறது இருக்கு, நடுவுல ஒரு கைக்குழந்தை வீல்னு கத்துறது கூட இருக்கு. மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது, மெட்டு ஒத்துப்போவுதா குரல் ஒத்துப்போவுதான்னு பாக்கும், ஆமான்னா கிளைம அடிச்சு விட்டுரும்.

இதுல இன்னொரு கூத்து. என்ன மாதிரி கிளைம் வாங்குன நம்ம பசங்க சேனல் நாலஞ்சு பாத்தேன், எல்லாரும் டிஸ்கிரிப்ஷன்ல ஒரே பாராவ ஒட்டி வச்சிருக்கான்வ, "1976 காப்பிரைட் சட்டம் செக்‌ஷன் 107 படி இது ஃபேர் யூஸ்"னு. லேய், அது அமெரிக்கா சட்டம்டே! மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில உக்காந்துட்டு அமெரிக்கா சட்டத்த ஒட்டுனா எவன் பயப்படுவான்? அங்க உள்ள ஃபேர் யூஸ் ஒரு அளவுகோல், எதுக்கு எடுத்த, எவ்வளவு எடுத்த, அசல் எந்த மாதிரி படைப்பு, அதனால அசலோட வியாபாரம் படுத்துச்சான்னு நாலு விஷயத்த ஜட்ஜ் சீர்தூக்கிப் பாப்பாரு. நம்மகிட்ட இருக்கது ஃபேர் டீலிங், செக்‌ஷன் 52. இன்ன இன்ன காரியத்துக்கு எடுத்தா மீறல் இல்லன்னு நீளமா ஒரு பட்டியலே போட்டிருக்கான். சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி, இப்படிப் போவுது. பத்து செகண்ட் வரைக்கும் எடுக்கலாம், முப்பது செகண்ட் வரைக்கும் எடுக்கலாம்னு சொல்லுகான்வளே, அப்படி ஒரு கணக்கே சட்டத்துல இல்ல, கிரெடிட் போட்டுட்டா போதும்ங்கறதும் இல்ல.

ஆனா இந்த 52-ஐ படிக்க படிக்க எனக்கு ஒரு மரியாதையே வந்துருச்சு. நம்ம ஊரு வாழ்க்கைய கிட்ட நின்னு பாத்து எழுதுன மாதிரி சில எடம் இருக்கு. உண்மையான மதச் சடங்குல ஒரு பாட்ட பாடுனாலோ ரெக்கார்ட போட்டாலோ மீறல் இல்ல, அதுல கல்யாண ஊர்வலமும் கல்யாணத்த ஒட்டி நடக்குற கொண்டாட்டமும் சேரும்னு பச்சையா எழுதியிருக்கு. 2023 ஜூலைல மத்திய அரசோட தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இதையே அறிவிப்பா வெளியிட்டுச்சு, கல்யாணத்துல பாட்டு போடுறதுக்கு யாரும் லைசென்ஸ் காசு கேக்கக் கூடாதுன்னு. இன்னும் மண்டபத்துல வந்து ரசீது நீட்டுறவங்க இருக்காங்க, குடுக்கிற மாமனாரும் இருக்காரு. ஆனா ஒண்ணு, மண்டபத்துல போடுறதுக்குத்தான் அந்த சலுகை. அதே சினிமா பாட்ட நான் எடிட்ல ஒட்டி ஹைலைட்ஸ்னு நெட்ல விட்டா அது வேற கதை, அங்க என்னால நெஞ்ச நிமித்தி பேச முடியாது. பேசவும் மாட்டேன், ஏன்னா வருஷக்கணக்கா நான் அதத்தான் செஞ்சிட்டு இருந்தேன்.

டெல்லி யுனிவர்சிட்டி ஜெராக்ஸ் கடை கேஸ் நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும். பெரிய பெரிய வெளிநாட்டு பதிப்பகங்க மூணு சேந்து 2012-ல ஒரு ஜெராக்ஸ் கடை மேலயும் யுனிவர்சிட்டி மேலயும் கேஸ் போட்டுது, பாடத்துக்கு வேண்டிய பக்கத்த எல்லாம் தொகுத்து பைண்ட் போட்டு விக்கிறாங்கன்னு. 2016 செப்டம்பர்ல டெல்லி ஹைகோர்ட் கடைக்காரர் பக்கம் நின்னுச்சு, படிப்பு சொல்லிக் குடுக்கறதுக்காக நகல் எடுக்கறது 52-க்குள்ள வரும்னு. நாகர்கோவில்ல எந்த காலேஜ் வாசல்ல நின்னு பாத்தாலும் இந்த தீர்ப்போட அருமை தெரியும்.

மெஷின் கதை நம்ம ஊருக்கு மட்டும் உள்ளது இல்ல. 2007-ல அமெரிக்காவுல ஒரு அம்மா, சமையக்கட்டுல தன் குட்டிப் பையன் ஆடுறத 29 செகண்ட் வீடியோவா யூடியூப்ல போட்டாங்க, பின்னால ஒரு பாட்டு லேசா கேக்கும். மியூசிக் கம்பெனி நோட்டீஸ் அனுப்பி தூக்க வச்சுது. அந்த அம்மா விடல. 2015-ல அப்பீல் கோர்ட் சொல்லிச்சு, நோட்டீஸ் அனுப்புறதுக்கு முன்னாடி இது ஃபேர் யூஸா இருக்குமான்னு நீ யோசிச்சுப் பாத்துருக்கணும்னு. எட்டு வருஷம்! 29 செகண்டுக்கு.

எனக்கு உள்ள ஆத்திரமே இதுதான். கிளைம் போடுறவனுக்கு ஒரு பைசா செலவு கிடையாது, தப்பா போட்டாலும் ஒண்ணும் ஆகாது. வாங்குனவனுக்கு வருமானம் போவும், அது ஸ்ட்ரைக்கா (சேனல் மேல விழுற கரும்புள்ளி) மாறுனா மூணாவதுல சேனலே போவும். 2025-ல ஒரு பெரிய செய்தி நிறுவனம் சில செகண்ட் கிளிப்புக்கு ஸ்ட்ரைக் அடிச்சிட்டு அத எடுக்க லட்சக்கணக்குல கேட்டாங்கன்னு ஒரு யூடியூபர் வெளிப்படையா சொன்னப்போ நாடே பேசுச்சு. சட்டத்துல இல்லாத பலம் அந்த மூணு ஸ்ட்ரைக்குல இருக்கு.

நம்ம சட்டம் இதுக்கும் ஒரு வழி வச்சிருக்கு கேட்டியளா. புகார் குடுத்தவன் 21 நாளுக்குள்ள கோர்ட் ஆர்டர் கொண்டு வரலன்னா, தூக்குன சரக்க தளம் திரும்ப வைக்கலாம். ஆதாரம் இல்லாம கேஸ் போடுவேன்னு மிரட்டுறவன் மேல நாமளே கோர்ட்டுக்குப் போக செக்‌ஷன் 60-னு ஒண்ணு இருக்கு. ஆனா கொடை வீடியோ எடுக்கறவன் வக்கீலுக்கு எங்க போவான்?

காப்பிரைட்டே வேண்டாம்னு சொல்ல வரல. தேரூர்க்காரரு கவிமணி 1954-ல காலமானார், அடுத்த வருஷ ஜனவரில இருந்து 60 வருஷம் எண்ணுனா, அவரு இருக்கும்போதே வெளிவந்த கவிதைங்க 2015-ல இருந்து எல்லாருக்கும் பொது. இப்படி ஒரு காலக்கெடு வச்சு எழுதுனவன் குடும்பமும் பிழைக்கணும், அப்புறம் ஊருக்கும் சேரணும்ங்கறது நியாயமாத்தான் படுது.

எனக்கே நடந்திருக்கு. ரெண்டு வருஷம் முன்ன கன்னியாகுமரில விடியக்காலம் நாலரைக்கு போய் நின்னு, வள்ளுவர் சிலை தோளுக்குப் பக்கத்துல சூரியன் வர்ற மாதிரி ஒரு படம் எடுத்தேன், அந்த மேகம் அமையறதுக்கு நாலு நாள் போனேன். (சிலைய படம் எடுக்கலாமான்னு கேட்டா எடுக்கலாம், பொது இடத்துல நிரந்தரமா நிக்கிற சிலைக்கும் 52-ல இடம் உண்டு.) ஆறு மாசம் கழிச்சு ஒரு டூர் வேன் பின்னாடி பூரா அந்தப் படம், என் பேரு இருந்த மூலைய மட்டும் வெட்டிட்டு. கேட்டா "கூகுள்ல கிடந்துச்சு அண்ணே"ங்கறான். அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. வீட்டுக்கு வந்து நான் பாதியில விட்டுட்டு வந்த கல்யாண எடிட்ட திறந்தா, அதுல ஓடுறது ஓசியில எடுத்த சினிமா பிஜிஎம். அதுக்கு அப்புறந்தான் அத நிறுத்துனேன். இப்போ வெட்டிங் வீடியோவுக்கு தக்கலையில கீபோர்டு வாசிக்கிற ஒரு பையன்கிட்ட காசு குடுத்து வாங்குறேன், கஸ்டமருக்கு அவ்வளவா புடிக்கல, அது வேற விஷயம்.

புலவர் பசங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்லியிருக்கேன். இனிமே எவனாவது ரெக்கார்டிங்னு வந்தா, எழுத்துல வாங்குங்க, எத்தனை வருஷத்துக்குன்னு போடச் சொல்லுங்க. காலம் எழுதாம காப்பிரைட்ட எழுதிக் குடுத்தா அது 5 வருஷம்னுதான் சட்டத்துல கணக்கு. இத அன்னிக்கு ஒருத்தன் வந்து சொல்லிக் குடுத்திருந்தா அஞ்சு பேரு முன்னூறு முன்னூறா பங்கு வச்சிட்டு போயிருக்க மாட்டாங்க.

கிளைமுக்கு டிஸ்பியூட் போட்டேன். அமெரிக்கா பாராவ ஒட்டல, இது புதுசா பாடி நான் பதிவு பண்ணுனது, பாட்டு பரம்பரையா வர்றது, உங்க ஒலிப்பதிவுல ஒரு செகண்ட் கூட இதுல இல்லன்னு மூணே வரி. அவங்களுக்கு பதில் சொல்ல முப்பது நாள் டைம். இருவத்தேழாவது நாள் கிளைம விட்டுட்டாங்க, ஏன் போட்டோம் ஏன் விட்டோம்னு ஒரு வார்த்தை இல்ல. அதுக்குள்ள கொடை சூடு ஆறிப்போச்சு, பாக்க வேண்டியவங்க எல்லாம் எவனோ போன்ல எடுத்து விட்டதப் பாத்துட்டாங்க.

வர்ற செவ்வாய்க்கிழமை அடுத்த ஊர்ல முத்தாரம்மன் கொடை, வில்லு இவருதான், கேமரா நான்தான். நேத்து புலவர் போன் பண்ணி, "மக்கா, அந்த காப்ப பாடட்டா, இல்ல ஒனக்கு கரைச்சல் வரும்னா வேற எடுக்கட்டா"ன்னு கேட்டாரு. அதையே பாடுங்க புலவரே, டிஸ்பியூட்ல எழுத வேண்டிய மூணு வரிய அப்படியே எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்.