பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வாகாது

"டாஷ்போர்டு விளக்கின் 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போனால் 20 ஆம்பியர் போட்டுவிடுங்கள், ஏற்காடு ஏறி இறங்கினாலும் அணையாது" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். ஃபியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. 10 ஆம்பியருக்கென்று போடப்பட்ட மெல்லிய வயரில் ஷார்ட் ஆகி அதைவிடக் கூடுதல் மின்சாரம் ஓடினால், பெரிய ஃபியூஸ் உருகுவதற்கு முன்பே வயரின் மேலுறை உருகி டாஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கக்கூடும்.

பழுது டாஷ்போர்டில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பல கார்களில் மீட்டர் விளக்கும் பின்விளக்கும் நம்பர் பிளேட் விளக்கும் ஒரே ஃபியூஸில் வருவதால், டிக்கி கதவின் கீல் அருகே மடங்கி மடங்கித் தேய்ந்த வயர் பாடியில் உரசினாலும் ஸ்பீடோமீட்டர் இருண்டுவிடும். ஸ்டீரியோ மாற்றிய வண்டி என்றால், அதன் பின்னால் டேப் சுற்றாமல் விடப்பட்ட வயரை முதலில் பாருங்கள்.

ஷார்ட் எங்கே என்று கண்டுபிடிக்க, அந்த ஃபியூஸில் வரும் சிறு பல்புகளைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இணைத்து பார்க்கிங் ஸ்விட்சைப் போடுங்கள். இரண்டு ஆம்பியருக்கும் குறைவாகவே அது விடும் என்பதால் வயருக்கு ஆபத்தில்லை. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது எதில் அணைகிறதோ, அந்தப் பக்கத்து வயரில்தான் கோளாறு.

கோளாறைச் சரிசெய்யும் வரை இரவில் மலை அடிவாரம் தாண்ட வேண்டாம். அந்த ஃபியூஸோடு பின்விளக்கும் அணைந்திருந்தால், பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் வருபவருக்கு உங்கள் வண்டி தெரியாது.